வாய்க்கால் கரையில் ஒரு நாள்: கதிர்காம யாத்திரைக்குக் குழுவாகக் கால் பழக்கும் முழுமையான வழிகாட்டி

முதல் தடவை கதிர்காமத்துக்கு நடக்கப் பெயர் கொடுத்தபோது நான் பயிற்சி எடுத்தது திருகோணமலை டச்சு விரிகுடாக் கடற்கரையில். பின்னேரம் ஒரு மணி நேரம் நடப்பேன், ஒரு சுருள் கச்சான் கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு வீடு திரும்புவேன். ஒரு மாதம் தவறவில்லை. யாத்திரையின் முதல் காலை பறந்துபோனது. கிண்ணியா தாண்டி ஒரு மடத்தில் மத்தியானச் சோறு உண்டு, திண்ணையில் கண்ணயர்ந்து, மூன்றரை மணிக்கு “அரோகரா” சத்தம் கேட்டு எழும்பினேன். எழும்பினேன் என்பது பொய், எழும்பப் பார்த்தேன். கெண்டைக்கால் இரண்டும் மரக்கட்டையாகியிருந்தன. என்னைவிட இருபது வயது மூத்த மாமி துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “தம்பி, வெயில் தணிந்துவிட்டது, எழும்பு” என்று சொல்லி என்னைத் தாண்டிப் போனார்.

மாமி கடற்கரையில் உலாவியவர் அல்லர். காலையில் வயலுக்குப் போய், மத்தியானம் படுத்து, பின்னேரம் மறுபடியும் வயலுக்குப் போகிற உடம்பு அவருடையது. எனக்குப் பழக்கமில்லாமல் போனது அந்த இரண்டாவது போக்குத்தான். ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் நடக்கிறோம் என்பதைவிட, இறுகிப்போன காலை அதே நாளில் மறுபடி நிலத்தில் ஊன்றி நடக்கத் தெரிகிறதா என்பதுதான் யாத்திரையில் கேள்வி. அதற்கு வாரத்தில் ஆறு நாள் ஒவ்வொரு மணி நேரம் நடந்தால் போதாது. ஒரு முழு நாளை ஒதுக்கி, அதற்குள் மூன்று தடவை நடக்க வேண்டும். அதைத் தனியாகச் செய்ய மனம் வராது. குழுவாக ஒரு வான் வண்டி பிடித்துப் போய்ச் செய்யலாம்.

ஏன் வாய்க்கால் கரை

வீதியில் நடந்தால் வாகனம். கடற்கரையில் நடந்தால் மணல் காலை உள்ளே இழுத்து, வேண்டாத தசையை நோகவைக்கும். நீர்ப்பாசன வாய்க்கால் மிக மெல்லிய சரிவில் வெட்டப்படுவது. அதன் கரையும் அப்படியே போகும். ஏற்றமும் இறக்கமும் இல்லாததால் ஒரே வேகத்தில் மணிக்கணக்காக நடக்கலாம். மண்பாதை என்பதால் வெறுங்காலில் பழகலாம். பல இடங்களில் மருத மர நிழலும் உண்டு.

எங்கள் குழு போவது தம்பலகாமம் பக்கம். நகரிலிருந்து கண்டி வீதியால் வானில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்வெளி அது. அந்தக் குளத்தைக் குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டினான், கோணேசர் கோயிலுக்கு இந்த வயல்களே நெல் அளந்தன என்பது எங்கள் ஊர் மரபு. நடை தொடங்குமுன் ஆதிகோணநாயகர் கோயில் வாசலில் நின்று ஒரு கற்பூரம் கொளுத்துவோம். பயிற்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மருமகன் சொல்கிறான். ஆனால் கோயில் வாசலில் கூடுவதென்றால் ஒருவரும் பிந்துவதில்லை என்பதை அவனும் ஒத்துக்கொள்கிறான்.

கந்தளாய்க்கே போக விரும்புகிறவர்கள் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் போக வேண்டும். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அணைக்கட்டு அது. நீர்மட்டம் அளக்கிற, மதகைக் கட்டுப்படுத்துகிற இடங்களில் “உள்ளே செல்லாதே” என்று பலகை இருந்தால், அது சும்மா எழுதி வைத்ததல்ல.

ஒரு வாரத்துக்கு முன் செய்ய வேண்டியவை

முதலில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்ப் பாதையைப் பார்த்து வர வேண்டும். கரை எங்கே உடைந்திருக்கிறது, எந்தப் பாலத்தடிக்கு வான் வர முடியும், நிழல் எங்கே இருக்கிறது, கழிவறைக்கு யாருடைய வீட்டில் கேட்கலாம் என்ற நான்கையும் குறித்துக்கொள்ளட்டும். பெண்கள் வருகிற குழுவில் நான்காவதுதான் முதலாவது. வண்டியின் தூரமானியைப் பார்த்து ஒவ்வொரு பாலத்துக்கும் எத்தனை கிலோமீற்றர் என்றும் எழுதிக்கொள்ளலாம்.

அந்த ஊர்க் கமக்காரர் இரண்டு பேரிடமாவது யானை நடமாட்டம் பற்றிக் கேளுங்கள். நேற்று யானை வந்த வரம்பு அவர்களுக்குத் தெரியும், உங்கள் கைத்தொலைபேசிக்குத் தெரியாது. “இப்போது அந்தப் பக்கம் வேண்டாம்” என்று அவர்கள் சொன்னால், ஏன் என்று விவாதிக்காமல் வேறு கரையைத் தேர்ந்தெடுங்கள்.

யாத்திரை போகிறவர்கள் பயிற்சி எடுக்கும் மாதங்கள் வைகாசியும் ஆனியும். சிறுபோகத்துக்கு நீர் விடும் காலம் என்பதால் வாய்க்கால் நிறைந்து ஓடும். வெப்பமான கச்சான் காற்றும் தொடங்கியிருக்கும். (கொறிக்கிற கச்சானுக்கும் சுடுகிற கச்சானுக்கும் ஒரே பெயர் வைத்தவர்களை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.) இந்த வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். ஆகவே கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்து நேற்று இறங்கிய உறவினரை இந்த நாளுக்கு இழுத்துப் போகாதீர்கள். வந்தே தீருவேன் என்று நின்றால், காலை நடை முடிந்ததோடு வானில் ஏற்றிவிடுங்கள்.

நகத்தை நடைக்கு மூன்று நாள் முன்பே, நேர்கோடாக வெட்டிவிட வேண்டும். அன்று காலையில் வெட்டினால் சதை நோகும். சப்பாத்து போடுகிறவர்கள் பழகிய சப்பாத்தையே போடட்டும். புதுச் சப்பாத்தோடு வந்தவரை எங்கள் குழுவில் வானுக்குக் காவல் வைப்பது வழக்கம். முதல் ஆளாகக் காவல் இருந்தவன் நான்தான்.

வானில் ஏற்ற வேண்டியவை

தண்ணீர்தான் பெரிய சுமை. வெயிலில் நடக்கும் ஒருவருக்கு மணிக்கு அரை லீற்றர், முழு நாளுக்கு நான்கு முதல் ஐந்து லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேருக்கு 20 லீற்றர்க் கான் மூன்று. கால் கழுவவும் தலையில் ஊற்றவும் வேறாக ஒரு கான்.

வியர்வையில் போகும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனிப் பக்கெற் பத்து. ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுமையாகக் கரைக்க வேண்டும். பாதிப் பக்கெற்றைக் கிளாசில் போட்டுக் கலக்குவது தவறு. கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக்கூடாது. பக்கெற் தீர்ந்தால் ஒரு லீற்றர் நீருக்குத் தட்டையாக அளந்த ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புக் கூடினால் ஆபத்து, கண்ணளவு வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலைக்கு வாழைப்பழமும் எள்ளுருண்டையும், முதல் நடை முடிந்ததும் இடியப்பம், மத்தியானத்துக்குப் புளிச்சோறு. வழியில் சட்டித் தயிர் வாங்கி மோராக அடித்துக்கொள்ளலாம். இறைச்சிக் கறி கட்டிக்கொண்டு வராதீர்கள். விரதகாரர்கள் இருப்பார்கள், வெயிலில் பழுதாகவும் போகும்.

மற்றவை: ஒட்டுப் பிளாஸ்டர், பஞ்சு, கிருமிநாசினி, வசிலின், மாற்றுக் காலுறை, துவாய், விரிக்கப் பாய் நான்கு, விசில் இரண்டு, ஆளுக்கொரு தடி.

முதல் நடை: விடியற்காலை, எட்டுக் கிலோமீற்றர்

நகரிலிருந்து நாலரைக்குப் புறப்பட்டால் ஐந்தேகாலுக்குக் கோயில் வாசல். ஆனி மாதத்தில் ஆறு மணிக்குச் சற்று முன் சூரியன் எழும்பும். ஐந்தே முக்காலுக்கு நிலம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அதற்குமுன் கரையில் கால் வைக்க வேண்டாம். பாம்பும் யானையும் இருட்டை உங்களைவிட நன்றாகப் பயன்படுத்தும்.

வரிசைக்கு ஒரு விதி உண்டு. குழுவில் மெதுவாக நடக்கிறவர் முன்னுக்கு இரண்டாவதாக நடக்க வேண்டும். அவருக்கு முன்னால் நிதானமான ஒருவர், ஆகக் கடைசியில் நல்ல பலசாலி. மெதுவாக நடக்கிறவரைப் பின்னுக்கு விட்டால், முன்னே போனவர்கள் நின்று காத்திருந்து, அவர் வந்து சேர்ந்ததும் புறப்பட்டுவிடுவார்கள். ஓய்வு எல்லாம் வேகமானவர்களுக்கு, ஓட்டம் எல்லாம் பாவம் அவருக்கு. இரண்டாவதாக விட்டால் அவருடைய காலே குழுவின் தாளமாகிவிடும். கடைசி ஆள் யாரையும் முந்தக்கூடாது. அவரிடம் ஒரு விசில் இருக்கட்டும்.

பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். தனியாக மணிக்கு ஐந்து கிலோமீற்றர் நடக்கிறவரும் குழுவில் நான்குதான் நடப்பார். ஐம்பது நிமிடத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் நில்லுங்கள். தாகம் வரும்வரை காத்திராமல் கால் மணிக்கு ஒரு தடவை நான்கு வாய் குடியுங்கள்.

தூரத்தை அளக்க எங்கள் மாமியிடம் ஒரு வழி இருக்கிறது. வளர்ந்தவருக்கு ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 1,300 முதல் 1,400 காலடி. மாமி இடது காலை மட்டும் எண்ணுவார். எழுநூறு ஆனதும் வலப்பக்க மடியிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து இடப்பக்கம் முடிந்துகொள்வார். எட்டுக் கொட்டை இடம் மாறினால் நடை முடிந்தது. மருமகனின் கைத்தொலைபேசி ஒரு தடவை 7.9 என்று காட்டியபோது மாமி அதைப் பழுது என்று சொல்லிவிட்டார்.

கரையில் நடுப்பாதையை விட்டு விலகாதீர்கள். ஓரப் புல்லில் கண்ணாடிப் புடையன் பாம்பு சுருண்டு கிடந்தால் காய்ந்த இலையிலிருந்து பிரித்தறிவது கடினம். முன்னே போகிறவர் தடியால் தட்டிக்கொண்டே போகட்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்சை வரவழையுங்கள். லாண்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரம் வந்தால் குழு முழுவதும் ஒரே பக்கம், வாய்க்காலுக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்க வேண்டும். கரை அவர்களுடைய வேலைத்தலம். வழி விடுவது நம் கடமை.

ஒரு தடவை ஒரு கமக்காரர் வயலுக்கு நீர் விட, மடையை அடைத்திருந்த துருசுப் பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தார். இடுப்பளவு நீரில் நின்று, இரண்டு கையாலும் பலகையை அசைத்து அசைத்து மேலே எடுத்தார். பலகை நாலு விரல் உயர்ந்ததும் அடியில் நீர் பழுப்பாகச் சீறி, ஒரு கணம் நுரைத்து, பிறகு கண்ணாடி போல வழுவழுவென்று வயலுக்குள் ஓடியது. நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். வேல் இல்லை, காவி இல்லை, கையில் தடியும் தண்ணீர்ப் போத்தலும் மட்டும். “கதிர்காமமோ?” என்றார். “இனித்தான், ஐயா” என்றோம். “நேரத்தோடு பழகுகிறீர்கள்” என்று சொல்லி அடுத்த பலகைக்குக் குனிந்தார்.

வாய்க்கால் நீரைப் பற்றி

நடந்து களைத்த காலை ஓடுகிற நீரில் வைக்க எவருக்கும் ஆசை வரும். வைக்காதீர்கள். வயல் வாய்க்காலில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் கிருமி உடைந்த கொப்புளம், வெடிப்பு, கீறல் வழியாக உடம்புக்குள் போகும். நடைப்பயிற்சி எடுப்பவரின் காலில் இந்த மூன்றும் இல்லாமல் இருக்காது.

இதில் ஒரு பெரிய குழப்பமும் இருக்கிறது. எலிக்காய்ச்சலின் அடையாளங்களில் ஒன்று கெண்டைக்கால் தசைவலி. நடந்த கால் நோகிறது என்று நினைத்து விட்டுவிடுவோம். நீரில் கால் பட்டு ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் தலையிடியும் சேர்ந்து கெண்டைக்கால் வலித்தால் வைத்தியரிடம் போய், “வயல் வாய்க்கால் நீரில் கால் வைத்தேன்” என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். அடிக்கடி நீரில் இறங்க நேரும் என்றால் தடுப்பு மாத்திரை பற்றி முன்கூட்டியே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம்.

முதலையும் இருக்கும். கால் கழுவும் கான் வானில் இருப்பது அதனால்தான்.

இரண்டாம் நடை: வெறுங்கால் பழக மூன்று கிலோமீற்றர்

இடியப்பம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் இருந்த பிறகு, ஒன்பதேகாலுக்கு இது. மண் இன்னும் சுடாத நேரம். யாத்திரையில் பலர் வெறுங்காலில் நடப்பார்கள். நேர்த்தி வைத்தவர்களுக்கு வேறு வழியும் இல்லை. முதல் பயிற்சி நாளில் வெறுங்காலில் பத்து நிமிடம், அடுத்த நாளில் இருபது என்று கூட்டுங்கள். மீதித் தூரத்துக்குச் செருப்பைப் போடுங்கள். வெறுங்காலில் அடி சிறிதாக இருக்க வேண்டும். குதிக்காலை ஓங்கி ஊன்றாமல் பாதம் முழுவதையும் மெதுவாகப் பதியுங்கள். கிரவல் கொட்டிய இடத்தில் வீரம் காட்ட வேண்டாம். நெருஞ்சி முள் ஏறினால் நின்று எடுத்துவிட்டுப் போங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் இந்த நடையைச் செய்யவே கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் ஏறியது தெரியாது. சுடுமண் சுட்டது தெரியாது. அவர்கள் வைத்தியரிடம் கேட்டு, பொருத்தமான சப்பாத்தோடு மற்ற இரண்டு நடையையும் செய்யலாம். இரத்தத்தில் சீனி இறங்கினால் போட மடியில் கொஞ்சம் இனிப்பு இருக்கட்டும். முருகனுக்கு இதில் வருத்தம் இருக்காது.

மத்தியானம்

பத்து மணி முதல் மூன்றரை வரை நடை இல்லை. முதலில் கால் பார்க்கும் சடங்கு. எல்லோரும் பாயில் இருந்து, காலைக் கழுவித் துடைத்து, பக்கத்தில் இருப்பவரின் பாதத்தைப் பார்க்க வேண்டும். தன் குதிக்காலைத் தானே பார்ப்பது எளிதல்ல. கூச்சம் முதல் தடவையோடு போய்விடும். சிவந்து சூடாக இருக்கும் இடம்தான் நாளைக்குக் கொப்புளம். அதை இப்போதே பிளாஸ்டரால் மூடுங்கள்.

கொப்புளம் சிறிதென்றால் உடைக்க வேண்டாம். பெரிதாகி நடக்க முடியாமல் அழுத்தினால், கையைக் கழுவி, கிருமிநாசினியில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றி, மேல் தோலை உரிக்காமல் அப்படியே மூடிக் கட்டுங்கள். ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டுவைக்கும் பழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது. மாமியும் அதைத்தான் செய்வார். அழுக்கு அந்த நூலைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். இப்போது மற்றவர்களுக்குச் செய்வதை விட்டுவிட்டார். தன் காலுக்கு இன்னும் நூல்தான்.

பிறகு சாப்பாடு, படுக்கை. கட்டாயம் படுக்க வேண்டும். “நான் களைக்கவில்லை” என்று சுற்றித் திரிகிறவர் பயிற்சியின் பாதியை இழக்கிறார். கால் இறுகுவதற்காகத்தான் படுக்கச் சொல்கிறோம்.

மூன்றாம் நடை: பின்னேரம், ஆறு கிலோமீற்றர், பையோடு

இந்த நாளின் மையம் இது. மூன்றேகாலுக்கு எழுப்புங்கள். எவரும் உடனே துள்ளி எழும்ப வேண்டாம். பாயில் படுத்தபடியே கணுக்காலை இருபது தடவை சுழற்றி, முழங்காலை மடித்து நீட்டி, எழும்பி நின்று மரத்தைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை அரை நிமிடம் இழுத்துப் பிடியுங்கள். முதல் அரைக் கிலோமீற்றர் ஆமை வேகம். பதினைந்து நிமிடம் வரை உடம்பு ஆயிரம் காரணம் சொல்லும். அதன்பின் தானாக இளகிவிடும். இளகும் என்பதை ஒரு தடவை உடம்பால் அறிந்துகொண்டவர் யாத்திரையில் மூன்றாம் நாள் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்க மாட்டார்.

இந்த நடையில் தோளில் பை வேண்டும். யாத்திரை வழியில் உகந்தை முருகன் கோயிலைத் தாண்டினால் குமணை, யால காட்டு வழியில் கடை இல்லை. அரிசியும் பாயும் மாற்றுடையும் நம் தோளில்தான். முதல் பயிற்சி நாளில் மூன்று கிலோ, அடுத்ததில் ஐந்து. அரிசியையே கட்டிக்கொள்ளுங்கள், அதன் பாரம் எப்படி என்று தோள் அறியட்டும்.

ஒருவரின் பேச்சுக் குழறினால், நடை தள்ளாடினால், “எனக்கு ஒன்றுமில்லை” என்று எரிந்து விழுந்தால், அவரை நம்பாதீர்கள். நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, தலை, கழுத்து, கக்கம் எல்லாம் நீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தடுமாறுகிறவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் 1990ஐ அழையுங்கள். எங்கள் குழுவில் ஒரு தடவை இப்படி ஆனது. மத்தியானம் தண்ணீர் போதாமல் போயிருந்தது, கணக்குப் போட்டவன் நான். மூன்றாவது கான் அதற்குப் பிறகு வந்தது.

ஆறு மணிக்கு எல்லோரும் வானுக்குள் இருக்க வேண்டும். தலையை இரண்டு தடவை எண்ணுங்கள்.

எத்தனை நாள் முன்பிருந்து

புறப்பட எட்டு வாரம் இருக்கும்போது வீட்டுப் பக்கம் தினமும் ஒரு மணி நேர நடையைத் தொடங்குங்கள். வாரத் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்குமேல் கூட்டாதீர்கள். இந்த முழு நாள் பயிற்சி மூன்று தடவை போதும், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக: முதலாவது மொத்தம் 12 கிலோமீற்றர், இரண்டாவது 15, மூன்றாவது மேலே சொன்ன 17. கடைசி நாளுக்கும் புறப்பாட்டுக்கும் இடையில் பத்து நாளாவது விடுங்கள். யாத்திரையில் ஒரே நாளில் 20ஐத் தாண்டும் தூரமும் வரும்; அதைப் பயிற்சியில் எட்டிப் பிடிக்கத் தேவையில்லை.

பயிற்சிக்கு மறுநாள் காலை படுத்தே கிடக்காமல் எல்லோரும் இருபது நிமிடம் மெதுவாக நடக்க வேண்டும். பிறகு குழுவில் ஒருவர் எல்லோருக்கும் தொலைபேசியில் பேச வேண்டும். “சுகமா?” என்று கேட்டால் “சுகம்” என்றுதான் பதில் வரும். “எந்த இடம் நோகிறது?” என்று கேளுங்கள். இரண்டு தொடையும் நொந்தால் நல்லது. ஒரு முழங்கால் மட்டும், ஒரு புள்ளியில் மட்டும் நொந்தால் அவருக்கு ஒரு வாரம் ஓய்வு. போன வருடம் இந்தக் கேள்விக்கு மாமி சொன்ன பதில், “புளியங்கொட்டை ஒன்று குறைகிறது, வானில் விழுந்ததா என்று பார்.”